முள் ஏறாத டயர்

"சைக்கிள் கனமாயிடுச்சு பாய். மிதிச்சா போவ மாட்டேங்குது," என்றாள் கலையரசி.

ஆம்பூர் மேம்பாலத்தடியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் நயீம் அகமது செயினையும் பிரேக்கையும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். குறை தன்னிடம்தான் என்று அவளும் நினைத்திருந்தாள். நான்கு மாதமாகச் சோற்றில் ருசி தெரியவில்லை. ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஊசி விரலில் ஏறியபோதுகூடப் பக்கத்து சீட்டுக்காரிதான் கத்தினாள். பின்னால் மகள் தமிழினி உட்காராத சைக்கிள் லேசாகத்தானே ஆக வேண்டும்?

மகளுக்குக் காய்ச்சல் முற்றிய அன்று, ஆட்டோவுக்குக் காத்திராமல் பாலாற்றங்கரை வழியே ஆஸ்பத்திரிக்கு மிதித்தாள். வேலமுள் ஏறி டியூப் போனது. மீதி தூரம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். முன்பே வந்திருந்தாலும் பிழைத்திருக்காது என்றுதான் டாக்டர் சொன்னார். அவள் நம்பவில்லை. கணவன் பரத் நம்பினானா, தெரியாது. அந்த நாளைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"டியூப்லெஸ் போட்டுக்கறியாமா? ரிம் மாத்தணும். உள்ள மருந்து ஊத்துவோம், ஓட்டை விழுந்தா அதுவே அடைச்சுக்கும். கனமும் கொஞ்சம் கம்மி. இல்ல, டியூபே போதுமா?"

"எதுனா போடுங்க பாய்."

டயரைக் கழற்றிய பாய் நிமிர்ந்தார். "இன்னாமா இது?"

டயருக்கும் டியூபுக்கும் நடுவே சுற்றிலும் தோல். ஷூவின் அடிப்பாகத்துக்குப் போடும் கெட்டித் தோல், இரண்டு மடிப்பு. டியூபில் உரசாதபடி ஓரம் சீவியிருந்தது. அதே கம்பெனியில் பரத்தின் செக்‌ஷனில் கழித்துப் போடும் துண்டுகள்தான்.

"ரெண்டு மாசம் முன்ன உன் வூட்டுக்காரர் வந்தாரு. டியூப்லெஸ்தான் சொன்னேன். முள்ளு குத்தினாலும் காத்து போவாதுன்னேன். 'குத்தவே கூடாது பாய்'னாரு. எழுந்து போய்ட்டாரு."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். யாரைக் காப்பாற்ற இது? பிறகுதான் உறைத்தது. இந்தச் சைக்கிளை இப்போது ஓட்டுவது அவள் ஒருத்திதான்.

"கனமே இதாலதான். தூக்கிப் போட்டுடவா?"

அவள் தோலைக் கையில் வாங்கினாள். வெளிப்பக்கத்தில் ஏழெட்டு முள்முனைகள் ஒடிந்து நின்றன. திருப்பி, உள்பக்கத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் தடவிக்கொண்டே போனாள். எங்கேயும் குத்தவில்லை.