ஏழே முக்கால் பஸ்

எழில்மொழிக்கு டிக்கெட் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது ஒப்பந்தம். மெஷினில் பொத்தானை அழுத்த வேண்டும், வருகிற சீட்டைக் கிழிக்க வேண்டும், நீட்டுகிற கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட வேண்டும். இருபத்திரண்டு வருஷக் கண்டக்டர் உத்தியோகத்தில் முருகையன் எத்தனையோ ஆயிரம் பேருக்கு முகம் பாராமல் டிக்கெட் கிழித்திருக்கிறார். கூட்ட நேரத்தில் யார் முகத்தை யார் பார்க்கிறார்கள்? கையும் குரலும்தான் பேசஞ்சர். ஆனால் பாராதே என்று ஒருத்தி சொன்ன பிறகு, அந்த ஒரு முகம் பஸ் முழுக்க இருப்பதுபோல் ஆகிவிட்டது அவருக்கு.

எல்லாம் அவர் செய்துகொண்டதுதான். பாபநாசத்திலிருந்து உள்ளூர்களையெல்லாம் சுற்றிக்கொண்டு தஞ்சாவூர் போகும் அந்த வண்டி, அவருடைய ஊரான மேலநத்தத்துக்கு ஏழே முக்காலுக்கு வரும். காலேஜுக்கு நேரத்தோடு போக அதை விட்டால் வேறு வண்டி கிடையாது. மகள் காலேஜில் சேர்ந்த முதல் வாரம் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவள் ஏறியதுமே, "எந்திரிய்யா, புள்ள நிக்குதுல்ல, செத்த நேரம் நின்னாத்தான் என்ன" என்று ஒரு பையனை எழுப்பிவிட்டு அவளை உட்கார வைத்தார். பின்படியில் தொங்கிக்கொண்டே, "எழிலு, டிபன் பாக்ஸ எடுத்துக்கிட்டியா? தயிரு கொட்டிடப் போவுது, நிமித்தி வையி" என்று முன்படி வரைக்கும் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார். காலேஜ் நிறுத்தத்தில் அவள் இறங்கி ரோட்டைக் கடக்கும் வரை விசில் ஊதாமல் நின்றார். டிரைவர் வீரையன் ஹாரனை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, "யோவ், கன்னியாதானமே பண்ணிட்டு வந்துடுறியா?" என்றார். பஸ்ஸே சிரித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில் எழில்மொழி வந்து நின்றாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லுவேன். கோச்சுக்கக் கூடாது."

"சொல்லு சாமி."

"பஸ்ல என்னையத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க."

அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி அம்சத்தின் கை நின்றது. "என்னாடி சொல்ற? அப்பன் கண்டக்டர்னா அம்மணிக்குக் கௌரவம் கொறஞ்சு போவுதோ?"

"அதெல்லாம் இல்லம்மா. அப்பா கண்டக்டர்னு எல்லாத்துக்கும் தெரியும். நான் கிளாஸுக்குள்ள போனாலே ரெண்டு விசில் அடிக்கிறாளுவ. எனக்குப் பேரே ரைட்ரைட். அதுகூடப் பரவால்ல." அவள் சொல்லைத் தேடினாள். "பஸ்ல ஏறுன ஒடனே நான் அப்பா பொண்ணா மட்டும் ஆயிடுறேன். வேற ஒண்ணாவும் இருக்க முடியலம்மா."

"வேற என்னாவா இருக்கணுங்குற?"

"அது தெரிஞ்சா சொல்ல மாட்டனா?"

முருகையன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "சரி சாமி" என்றார். உடனே சொல்லிவிட்டார். யோசித்திருந்தால் சொல்லியிருக்க முடியாது.

மகள் அந்தப் பக்கம் போனதும் அம்சம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். புருஷன் முகம் எப்படியிருக்கிறது என்று பார்க்கத்தான் வந்தாள்.

"நான் மொதமொதல்ல நடவுக்கு எறங்குனப்ப பதினஞ்சு வயசு. எங்கம்மா பக்கத்துல நிக்கவே மாட்டேன். ஆறு ஆளு தள்ளிப் போயி நிப்பேன். பக்கத்துல நின்னா, நாத்த ஆழமா வைக்காத, கால எடு, இடுப்ப வளைன்னு நொணநொணன்னு உசுர வாங்கும். தள்ளிப் போய் நின்னாத்தான் நானும் ஒரு ஆளு."

"ஒங்கம்மா என்ன பண்ணாங்க?"

"என்னா பண்ணும்? ஆறு ஆளுக்கு அங்கேருந்து கத்தும்."

முருகையன் சிரித்துவிட்டார். ஆனால் மறுநாளிலிருந்து கத்தவில்லை.

இப்படி மூன்று மாதம் ஓடியது. முகத்தைப் பார்க்க முடியாதவர் கையைப் பார்க்கப் பழகிக்கொண்டார். ஆடியில் அந்தக் கையில் மருதாணி சிவந்திருந்தது. அப்புறம் ஒரு நாள் சுண்டுவிரல் நகத்துக்கு மட்டும் நீலம் பூசியிருந்தது. அது ஏன் ஒரு விரலுக்கு மட்டும் என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. ஒரு தடவை கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. தஞ்சாவூர் போய்ச் சேரும் வரை பொறுக்க முடியாமல் அம்சத்துக்குப் போன் போட்டு, "புள்ளைக்குக் கையில என்ன?" என்று கேட்டார். "காத்தால மாங்கா நறுக்குனா. அதுக்கா ட்யூட்டி நேரத்துல போனு?" என்றாள் அவள். வீட்டிலோ மகள் ஒற்றை வார்த்தைப் பிள்ளையாகிவிட்டாள். சாப்டியா, ம். படிக்கிறியா, ம். தலை வலிக்குதா, இல்ல. குழந்தையில் வாய் ஓயாமல் பேசிப் பேசியே பாலைக் குடிக்காமல் ஏமாற்றியவள். அந்தப் பேச்செல்லாம் எங்கே போய்த் தொலைந்தது என்று அவர் நினைத்துக்கொள்வார்.

அது இருந்த இடத்தைப் புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை கண்டுபிடித்தார்.

அன்றைக்கு நல்ல கூட்டம். குறுவை அறுப்பு முடிகிற சமயம். ரோட்டில் பாதியை மறித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். வண்டி ஊர்ந்து ஊர்ந்து வந்தது. பஸ்ஸின் நடுவில், கம்பியைச் சுற்றி ஐந்தாறு பெண்கள் நின்றிருந்தார்கள். நடுவில் எழில்மொழி. காலேஜில் யாரோ ஒரு மேடம் தன்மேல் பல்லி விழுந்து ஓடிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை, அந்த மேடமாகவே ஆகியிருந்தாள். புடவையைத் தூக்கிப் பிடித்தாள். மூக்குக் கண்ணாடியைத் தேடினாள். ஒரு கையால் பல்லியாகவும் நெளிந்தாள். பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். அவள் சிநேகிதி, பக்கத்துத் தெருப் பூவிழி, "போதும்டி, வயிறு வலிக்குது" என்று கெஞ்சினாள். உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கினார்.

முருகையன் மெஷினைப் பிடித்தபடி நின்றுவிட்டார். இவளுக்கு இப்படியெல்லாம் வருமா? இந்தக் கண்ணை இப்படி உருட்டத் தெரியுமா? ஒப்பந்தத்தை மறந்து முகத்தைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கதையின் உச்சியில் இருந்தாள். இந்த நேரத்தில் போய் நின்றால் அந்தக் கைகள் கீழே இறங்கிவிடும், முகம் 'ம்' ஆகிவிடும் என்று அவருக்குத் தெரிந்தது. பூவிழிக்கும் மற்றவர்களுக்கும் சத்தமில்லாமல் சீட்டைக் கொடுத்துவிட்டு, மகளை விட்டுவிட்டு, ஓசைப்படாமல் நகர்ந்தார். திரும்பி வரும்போது கொடுத்துக்கொள்ளலாம். அதற்குள் அய்யம்பேட்டைக் கூட்டம் ஏறியது. மறந்தே போனார்.

பசுபதிகோயில் தாண்டியதும் வண்டியைக் கைகாட்டி நிறுத்தி செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். பொம்பளைகளுக்கு டவுன் பஸ்ஸில் காசு இல்லைதான். ஆனால் காசில்லாத சீட்டை ஆளுக்கொன்று கிழித்துக் கொடுத்தாக வேண்டும். ஒருத்தி கையில் அது இல்லை என்றாலும் கண்டக்டருக்கு மெமோ. முருகையன் இந்த வருஷங்களில் ஒரு மெமோ வாங்கியதில்லை.

"ஒன் டிக்கெட் எங்கம்மா?"

இன்ஸ்பெக்டர் எழில்மொழியிடம்தான் கேட்டார். அப்போதுதான் முருகையனுக்கு உறைத்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். மகள் பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். இல்லாததைத் தேடுகிற கை எப்படியிருக்கும் என்று கண்டக்டருக்குத் தெரியாதா?

"வாங்கல சார்" என்றாள் நிமிர்ந்து. "கண்டக்டர் கேட்டாரு. நான்தான் பேசிக்கிட்டே இருந்துட்டேன்."

கண்டக்டர் கேட்டாரு. எவ்வளவு சுத்தமாகச் சொல்கிறாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. யாருடைய பிள்ளையோ போல, ஒரு பெரிய மனுஷி போல.

"இல்ல சார்" என்றார் முருகையன். "புள்ள மேல தப்பு இல்ல. நான்தான் குடுக்காம விட்டுட்டேன்."

இன்ஸ்பெக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னய்யா இது அதிசயமா இருக்கு. எல்லா வண்டியிலயும் பழிய அடுத்தவன் தலையில போடுவான். இங்க ரெண்டு பேரும் எனக்கு ஒனக்குன்னு அடிச்சுக்கிறீங்க." பார்வை அவள் மூக்கிலிருந்து அவர் மூக்குக்கு வந்தது. "ஒம் பொண்ணா?"

பஸ் நின்றிருந்தது. எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அத்தனை பெண்களும் அவரைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. மூன்று மாதம் காப்பாற்றிய வாக்கு. இப்போது, அவளுக்கு வேண்டிய இந்த நேரத்தில் உடைப்பதா?

"இல்ல சார்" என்றார். "பேசஞ்சர்."

சொல்லிவிட்டு, பார்த்தாயா உன் அப்பனை, என்பதுபோல மகளை ஏறிட்டார். அவள் முகம் அவர் நினைத்த முகமாக இல்லை. கீழுதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே, அறுத்த வயலில் தேங்கிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருவிழாக் கூட்டத்தில் கைவிட்டுப் போன பிள்ளை அழுவதற்கு முன்னால் இப்படித்தான் ஒரு கணம் வெறிக்கும்.

இன்ஸ்பெக்டர் நோட்டில் எதையோ எழுதினார். "சாயந்தரம் டிப்போல விளக்கம் எழுதிக் குடுத்துடு" என்று சொல்லி இறங்கிப் போனார். காலேஜ் நிறுத்தத்தில் எழில்மொழி முன்படி வழியாக இறங்கினாள். பூவிழி மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

பழைய பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது வீரையன் கேட்டார்: "ஏன்யா, கூசாமச் சொன்னியே."

"அதுதாண்ணே கேட்டுக்கிச்சு. தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதன்னு."

"கேட்டா?" வீரையன் கிளாஸைக் கீழே வைத்தார். "நீ இன்ஸ்பெக்டரப் பாத்துச் சொன்ன. நான் கண்ணாடியில அந்தப் புள்ளயப் பாத்தேன். வண்டி ஓட்ட முடியலய்யா எனக்கு."

முருகையன் மீதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்தார். அன்றைக்குப் பகல் நடைகளில் இரண்டு பேருக்குச் சில்லறை தப்பாகக் கொடுத்தார். சொன்னதைத்தானே செய்தேன் என்று அய்யம்பேட்டை வரை நினைப்பார். பிறகு அந்த முகம் வரும். கேட்டதை வாங்கிக் கொடுத்தும் அழுகிற பிள்ளையை என்ன செய்வது? பிறந்த அன்று கையில் வாங்கிப் பார்த்தபோதும் இதே பயம்தான். எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்று தெரியாத பயம்.

சாயங்காலம் நாலரை வண்டியில் அவள் ஏறினாள். கூட இருந்தது பூவிழி மட்டும். நடுக்கம்பிக்குப் போகாமல் முன்னால் போய் நின்றாள். முருகையன் டிக்கெட் கொடுத்துக்கொண்டே போனார். கை நீண்டது. சீட்டை வைத்தார். கை மடங்கவில்லை.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" மெதுவாக, பல்லுக்குள் கேட்டாள்.

"நீதானம்மா சொன்ன."

"நான் சொல்லுவேன்." குரல் உடைந்தது. "நீங்க சொல்லலாமா?"

பின்னாலிருந்து ஒரு கிழவி, "யய்யா, எனக்கொரு சீட்டு குடு, எறங்குற எடம் வரப்போவுது" என்று சட்டையை இழுத்தாள். முருகையன் திரும்பினார். திரும்பி மறுபடி முன்னால் பார்ப்பதற்குள் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அதற்கப்புறம் மேலநத்தம் வரும் வரை அந்தப் பின்னலைத்தான் பார்க்க முடிந்தது.

மேலநத்தத்தில் இரண்டு பெண்களும் இறங்கி, வண்டிக்கு முன்னால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போனார்கள். முருகையன் விசிலை வாயில் வைத்தார். ஊதுவதற்குள் வாத்துகள் வந்துவிட்டன. அறுத்த வயல்களை மேய வெளியூரிலிருந்து ஓட்டி வந்த மந்தை, ஆயிரத்துக்குக் குறையாது. நீண்ட மூங்கில் கழியோடு ஒரு ஆள் பின்னாலிருந்து 'பக் பக் பக்' என்று விரட்ட, இந்தப் பக்கத்து வயலிலிருந்து ஏறி, ரோட்டை நிறைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்து வாய்க்காலில் இறங்கின. வீரையன் எஞ்சினையே அணைத்துவிட்டார்.

முருகையன் இறங்கி வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். அந்தக் கரையில் எழில்மொழி. வீட்டுப் பக்கம் நாலு எட்டு நடந்தவள் நின்றாள். பூவிழி ஏதோ கேட்டாள். எழில்மொழி சட்டென்று திரும்பி, வாத்துச் சத்தத்துக்கு மேலே, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கத்தினாள்.

"அப்பா! வர்றப்ப எனக்குப் புரோட்டா வாங்கிட்டு வாங்க! சால்னாவத் தனியாக் கட்டச் சொல்லுங்க, போன தடவ மாதிரி மேல ஊத்தி ஊறவச்சு எடுத்துட்டு வராதீங்க!"

பஸ்ஸில் அந்தப் பக்க ஜன்னல்களெல்லாம் தலைகளாக முளைத்தன.

"எத்தனன்னு கேளுய்யா" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"எத்தன?" என்று கத்தினார் முருகையன். குரல் அவருக்கே கேட்கிற மாதிரி வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கத்தினார். "எத்தன சாமி?"

அவள் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள். திரும்பவில்லை. கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கி மூன்று விரலைக் காட்டினாள். வாத்துகள் வந்துகொண்டேயிருந்தன. கடைசியில் காலைத் தாங்கித் தாங்கி ஒன்று, அவசரமே இல்லாமல், நடுரோட்டில் நின்று பஸ்ஸை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போயிற்று. முருகையன் விசிலை மறுபடி வாயில் வைத்தபடி நின்றார்.