ஆற்றுக்கும் ஒரு பாடு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. எண்ணூர்ப் பெண் ஒருத்தி ஓர் ஆற்றுக்காகத் தன் வேலையையே பந்தயம் வைத்த கதையைச் சொல்கிறேன். அழவைக்க மாட்டேன், பயப்படாதீர்கள்.

மோகனப்ரியா மீனவர் குப்பத்தில் பிறந்தவள். ராயபுரத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணினியில் தண்ணீர்க் கணக்குப் போடுவது அவள் வேலை. நீர்த்தேக்கத்தில் எவ்வளவு சேரும், ஊருக்கு எவ்வளவு, மணலித் தொழிற்சாலைகளுக்கு எவ்வளவு, கொசஸ்தலை ஆற்றில் எவ்வளவு விட வேண்டும் என்று பழைய மழையளவை எல்லாம் வைத்துக் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பாள். மழை பொய்த்த வருடத்தில்தான் தகராறு. யாருக்குக் குறைப்பது?

அவள் எல்லோருக்கும் ஒரே மாதிரி குறைத்திருந்தாள். மேலாளர் ஜெகதீசனுக்கு அது பிடிக்கவில்லை.

“ஆத்துக்கு சைபர் போடும்மா. எப்படியும் கடல்ல போய் வீணாகிற தண்ணி.”

“யாருக்கு சார் வீணு? நல்ல தண்ணி வரலைன்னா முகத்துவாரம் உப்பேறிப் போவும், எறாக்குஞ்சு தங்காது. எங்கம்மா அந்தச் சேத்துல கையால தடவி எறா புடிச்சுதான் என்னைப் படிக்க வெச்சாங்க.”

“நாளைக்குக் கூட்டத்துல அங்க சைபர் இருக்கணும். இல்லைன்னா ஆபீஸ்ல நீ இருக்க மாட்டே.”

மறுநாள் எர்ணாவூர் சமுதாயக் கூடத்தில், யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று முடிவு செய்யும் கூட்டம். முன்வரிசையில் தொழிற்சாலை அதிகாரிகள். பின்னால் குப்பத்து ஜனம். நடுவில் அவள் தாய் குப்பம்மா, காலில் சேறு காயாமல், மடியில் இறால் பிடித்துப் போடும் பறிக்கூடையோடு. திரையில் கணக்கு விரிந்தது. ஆற்றின் பங்கு அப்படியே இருந்தது.

ஓர் அதிகாரி சிரித்தார். “ஆறு என்ன கம்பெனியா, பங்கு கேட்க?”

அலுவலகத் தமிழை மோகனப்ரியா அப்படியே கீழே போட்டாள்.

“எங்க குப்பத்துல பாடுன்னு ஒண்ணு கீது சார். கழியில, அதான் முகத்துவாரத் தண்ணில, யாரு எந்த நாள் வலை போடணும்னு முறை. படகு ஒடைஞ்சு ஒருத்தன் வூட்ல குந்திகினு இருந்தாலும், அவன் நாள்ல இன்னொருத்தன் வலை எறங்காது. மீன் கொறைஞ்சா எல்லாருக்குந்தான் கொறையும். ஆத்துக்கும் அதே முறைதான் போட்டுகீறேன். உங்களுக்குக் கொறையறத கொடுங்கையூர்ல சுத்தம் பண்ற கழிவுத்தண்ணிய வெச்சு நெரப்பலாம். அதையும் ஓட்டிப் பாத்துட்டேன். போதுது.”

ஜெகதீசன் எழுந்து வந்தார். “நான் சைபர் போடச் சொன்னேனே.”

அவள் விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள். “இந்தாங்க சார். எல்லாரும் பாக்க, உங்க கையால போடுங்க.”

அவர் விரல் சைபருக்கு மேலே போய் நின்றது. பின்னாலிருந்து குப்பம்மாவின் குரல் வந்தது.

“போடு நைனா, பாத்துகினுதான் கீறோம். அப்பால எறாக்கொழம்பு துன்னணும்னு எங்க பக்கம் வந்துடாத.”

சிரிப்பு பின்வரிசையில் கிளம்பி முன்வரிசைக்கும் வந்துவிட்டது. ஜெகதீசன் கையை இழுத்துப் பைக்குள் விட்டுக்கொண்டார். முதலில் சிரித்த அதிகாரியே, “அந்தக் கொடுங்கையூர்க் கணக்கை இன்னொரு தடவை காட்டும்மா” என்றார். ஆற்றின் பங்கோடுதான் அன்றைக்குக் கணக்கு ஏற்கப்பட்டது.

வாசலில் ஜெகதீசன் முகம் கொடுக்காமல் சொன்னார். “நாளையிலேர்ந்து நீ வரவேணாம்.”

“சரி சார். ஆனா ஆறு வரும்.”

அம்மாவின் பறிக்கூடையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

உங்கள் வீட்டுக் குடங்கள் என்றும் நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் பிள்ளைகளின் முறையில் எவரும் கைவைக்காதிருக்கட்டும்.