காய்ந்த பக்கத்து வேர்

ஆவணி பதினொன்றாம் தேதி முதல், நீடாமங்கலத்துக்குத் தெற்கே வாய்க்காலின் கடைமடையில் இருக்கும் மேலத்தெருவில் யாருக்கும் வியர்க்கவில்லை. உச்சி வெயிலில் வரப்பு வெட்டியவர்களின் சட்டைகூடக் காய்ந்தே இருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீரே மூன்று நாளைக்குப் போதுமாக இருந்தது. காரணம் ஜாஃபர் சாதிக்கின் திராட்சைக்கொடிதான் என்பதில் தெருவில் யாருக்கும் சந்தேகமில்லை. அரபு நாட்டுத் தாயிப்பில் பதினோரு வருடம் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்துத் திரும்பியவர், தன் வீட்டுக்கும் பக்கிரியின் குத்தகை வயலுக்கும் நடுவே அதை நட்டிருந்தார். வேரின் ஒரு பக்கத்துக்கு மட்டும் தண்ணீர் விடுவார். மறுபக்கம் வெடித்துக் கிடக்கும். காய்ந்த வேர் ஒரு ஹார்மோனைச் சுரந்து மேலே அனுப்பும், இலை தன் நுண்ணிய வாய்களை மூடிக்கொள்ளும், உள்ள நீரிலேயே பழம் பழுக்கும் என்று நட்ட புதிதில் அவர் டீக்கடையில் விளக்கியபோது, "மடையத் தொறக்காம இருக்க இப்படியும் ஒரு காரணமா பாய்" என்று சிரித்தார்கள்.

அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் முன்கூட்டியே நின்றது. கொடியின் செய்தி மண்ணுக்கடியில் தெரு முழுக்கப் பரவியது. பால் பிடித்திருந்த பக்கிரியின் மூன்று மா நிலத்துக் குறுவை நெல்லும் வாய் மூடிக்கொண்டு, பாளம் பாளமாக வெடித்த சேற்றில் பச்சை குறையாமல் நின்றது. இன்னும் இருபது நாள் அப்படியே நின்றால் போதும்.

ஏழாம் நாள் பக்கிரியின் மனைவி கமலாம்பாள் கழுநீர்ப் பாத்திரத்தோடு கொடிப் பக்கம் போனாள். கையில் தண்ணீரும் காலடியில் வெடிப்புமாக அந்த ஊரில் யாரும் சும்மா கடந்ததில்லை. காய்ந்த வேரில் கவிழ்த்துவிட்டு வந்தாள். மதியத்துக்குள் தெருவே வியர்வையில் தெப்பலாக நனைந்தது. நெல் இலைகள் ஊசியாகச் சுருண்டன. வரப்பில் உட்கார்ந்த பக்கிரி பொழுது சாய்ந்த பிறகுதான் எழுந்தார்.

ஜாஃபர் சாதிக் அவளைக் குறை சொல்லவில்லை. "அது தாகமா கெடந்தாத்தான் உங்க நெல்லு பொழைக்கும்க்கா" என்றார்.

"அப்ப அந்த வேரு எப்பத்தான் குடிக்கும் தம்பி?"

"பத்து நாளைக்கு ஒருதரம் பக்கம் மாத்துவேன். அதுக்கும் முறை வரும்."

அதன்பின் தினமும் காலையில் கமலாம்பாள் வெறுங்கையோடு போய்க் காய்ந்த பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னும் எத்தனை நாள் என்று வேரிடம் சொல்லிவிட்டு எழுந்து வருவாள். மூன்றாம் நாள் நெல் இலைகள் விரிந்தன.

மாவுக்கு ஏழு மூட்டை கண்டது. அந்த அரிசி உலையில் பாதித் தண்ணீர்தான் குடித்தது. முதல் நாள் சோறு குழைந்துபோனது. மறுநாளிலிருந்து கமலாம்பாள் இரண்டு சொம்பு குறைத்து உலை வைக்கிறாள்.