என் காதும் அக்காவும் இருக்கும் படம்

அன்று ஏரிக்கரையில் அவ்வளவு காற்று அடித்ததா என்று கேட்டால் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அடித்தது என்றுதான் ஞாபகம். ஆனால் என் ஞாபகம், தனக்குப் பிடித்ததை முன்னால் நிறுத்திவிட்டு மற்றதைப் பின்னால் தள்ளிவிடும் வகை. படங்களைப் பார்த்துச் சரிபார்க்கலாமே என்பீர்கள். பார்த்தேன். கேமரா வாங்கிய நாளிலிருந்து அதன் கடிகாரத்தை நான் தொட்டதே இல்லை. அதன் கணக்குப்படி நாங்கள் எல்லோரும் நள்ளிரவில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறோம். எனவே மனதில் உள்ளபடியே சொல்கிறேன்.

நான் கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். படம் எடுப்பது ஞாயிற்றுக்கிழமைப் பித்து. முகங்களை மட்டும்தான் எடுப்பேன். ஆளை எதிரே உட்கார வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பேன். “சிரிங்க” என்று சொல்லமாட்டேன். கொஞ்ச நேரத்தில், அவர்கள் படத்துக்கென்று போட்டுக்கொண்டு வந்த முகம் அலுத்துப்போய்த் தானாகவே இறங்கிவிடும். அப்போது அழுத்துவேன். பலருக்கு இது பிடிப்பதில்லை.

“உங்க வீட்டுக்காரர் முன்னாடி உட்கார்ந்தா பரீட்சை எழுதற மாதிரி இருக்கு” என்று பக்கத்து வீட்டம்மா என் மனைவியிடம் சொன்னாராம்.

“கல்யாணமானதுலேருந்து நான் எழுதிட்டுதாங்க இருக்கேன். இன்னும் ரிசல்ட் வரல” என்றாளாம் இவள்.

என் அக்கா ஒரு மருத்துவமனையில் வரவேற்புக் கவுண்டரில் இருந்தவள். ஒருநாள் காலையில் பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது பக்கமாக வழிந்திருக்கிறது. கண்ணாடியைப் பார்த்தால் முகத்தின் இடது பாதி அசையவில்லை. முக நரம்பில் வீக்கம் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள், பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். தனியாக இருந்தவள் எங்களோடு வந்து தங்கினாள். கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தை உப்புவாள், புருவத்தை ஏற்றுவாள், பலூன் ஊதுவாள். போனதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. சிரிப்பு மட்டும் முழுதாக வரவில்லை. வலது பக்கம் முதலில் சிரிக்கும். இடது பக்கம், யாரோ போய்க் கூப்பிட்ட பிறகு அரைமனதாகக் கிளம்பி வரும். அதனால் சிரிப்பு வந்தாலே அவள் கை வாய்க்குப் போய்விடும்.

மருத்துவமனையில் அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். புது அடையாள அட்டைக்குப் படம் கேட்டார்கள். அதே படத்தைப் பெரிதாக்கிக் கவுண்டருக்கு மேலேயும் மாட்டுவார்களாம். கவுண்டர் வேண்டாமென்றால் பின்கட்டில் மருந்துக் கிடங்கில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே அட்டைப்பெட்டிகள்தான் ஆளைப் பார்க்கும்.

“நீ ஒரு படம் எடு” என்றாள் அக்கா. “அதை என்னால பார்க்க முடிஞ்சா கவுண்டர். முடியலேன்னா கிடங்கு. திங்கக்கிழமை சொல்லணும்.”

“ஸ்டுடியோவுல நல்ல லைட் இருக்குமே அக்கா.”

“அவன் ‘மேடம், லேசா சிரிங்க’ன்னு உயிரை வாங்குவான். நீதான் வாயே திறக்கமாட்டியே. அதுக்குத்தான் உன்கிட்ட வந்தேன்.”

சனிக்கிழமை காலை முன்னறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டேன். திரைச்சீலையைப் பாதி இழுத்துவிட்டேன். வெளிச்சம் வலது கன்னத்தில் விழுந்து மூக்கோடு நிற்கும்படி அவளைத் திருப்பி உட்கார வைத்தேன். இடது பக்கம் மெல்ல நிழலுக்குள் போய்விட்டது. அன்றைக்கு நான் எடுத்ததில் அழகானது அதுதான் என்று இப்போதும் சொல்வேன். பெரிதாக்கிக் காட்டினேன்.

அக்கா வெகுநேரம் பார்த்தாள். வழக்கமாக மௌனம் என் கையில் இருக்கும். அன்று அவள் கையில் இருந்தது.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள் கடைசியில். “பாதி ஆளு. மீதியை எங்கடா வெச்ச?”

அவள் எழுந்து உள்ளே போனாள். சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரம் எதுவும் விழவில்லை, யாரும் எதுவும் கழுவவில்லை, தண்ணீர் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

“கிடங்குக்கே போறேன்னுட்டாங்க அண்ணி” என்றாள் என் மனைவி பிறகு வந்து. “ஒரு வார்த்தை பேசேன்.” என்ன பேசுவதென்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே பொழுது போய்விட்டது.

மறுநாள் பல்லு வந்தான். பல் டாக்டர், அதனால் பல்லு. ஞாயிறுதோறும் என்னோடு படம் எடுக்க வருபவன். நான் ஒரு கேமராவும் ஒரே லென்ஸும் வைத்திருக்கிறேன். ட்ரைபாடின் ஒரு காலுக்குத் துணி நாடா சுற்றியிருக்கிறேன். அவன் கார் நிறைய ஃபிளாஷ், ஸ்டாண்டு, வெளிச்சத்தைப் பரப்பும் வெள்ளைக் குடை, வெளிச்சத்தைத் திருப்பிவிட, மடித்தால் தட்டு, விரித்தால் வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு பளபளப்புத் துணி. இத்தனையும் வைத்துக்கொண்டு அவன் எடுக்கும் முகங்களில் பற்கள் மட்டும் அப்பழுக்கில்லாமல் இருக்கும்.

“ஏரிக்குப் போறோம். அக்கா, நீங்களும் வாங்க” என்றான்.

“நான் எதுக்கு?”

“வீட்ல உட்கார்ந்து என்ன பண்ணப் போறீங்க அண்ணி?” என்றாள் மனைவி. “இவங்க ரெண்டு பேரும் அடிக்கற கூத்தை நான் மட்டும் தனியா எத்தனை நாள்தான் பார்க்கறது?”

ஏரிக்கரையில் பல்லு ஸ்டாண்டை நிறுத்திக் குடையை மாட்டி முடித்தான். காற்று அதைக் கழற்றிக்கொண்டு போய்த் தண்ணீரில் வைத்தது. பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு இறங்கினான்.

“அண்ணா, விடுங்க, அது கரைக்கு வந்துடும்!” என்றாள் மனைவி.

“வராதும்மா! பேஷன்ட் மாதிரி, ஒரு தடவை தப்பிச்சா திரும்ப வராது!”

எப்படியோ பிடித்துக்கொண்டு வந்தான். சொட்டச் சொட்ட இருந்த குடையை அக்கா கையில் கொடுத்து, “மடக்காம ரெண்டு கையாலயும் பிடிங்க அக்கா, காயட்டும், இல்லேன்னா கம்பி துருப்பிடிச்சிடும்” என்றான்.

அந்தக் கோலத்திலேயே எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுக்கலாம் என்றாள் மனைவி. என் கேமராவை ட்ரைபாடில் வைத்து, அழுத்திச் சிறிது நேரம் கழித்துத் தானாக எடுக்கும் டைமரைப் போட்டுவிட்டு ஓடிப்போய் நின்றுகொண்டேன். சாதாரணமாக அது பீப் பீப் என்று சத்தம் போடும். எனக்குச் சத்தம் ஆகாது. வாங்கிய அன்றே அதை அணைத்துவைத்திருந்தேன். படம் விழுந்தது. கலைந்தோம்.

அக்கா மட்டும் குடையோடு போய்க் கல் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ட்ரைபாடில் இருந்த கேமராவை அப்படியே அவள் பக்கம் திருப்பினேன். கவனித்துவிட்டாள்.

“எடுக்கறதுன்னா எடு. ஆனா திங்கக்கிழமைக்கு இல்ல.”

அவள் கண்ணில் ஃபோகஸ் வைத்து அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. டைமரை எடுக்க மறந்தது எனக்கு உறைக்கவில்லை. சத்தமும் இல்லை, முன்பக்கம் மினுங்கும் சிவப்பு விளக்கு பின்னால் நிற்பவனுக்குத் தெரியாது. லென்ஸ் மூடியைக் கழற்றவில்லையோ என்று முன்னால் போய்க் குனிந்து உள்ளே பார்த்தேன்.

“என்னடா, உள்ள யாராவது இருக்காங்களான்னு பார்க்கறியா?” என்றாள் அக்கா.

“நல்லா ‘ஆ’ காட்டச் சொல்லுடா!” என்று பல்லு தண்ணீருக்குள்ளிருந்து கத்தினான். குடையைப் பிடிக்க இறங்கியபோது தொலைத்த செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கையிலும் குடை. கேமரா ‘டக்’ என்றது.

திரையில் பார்த்தோம். இடது ஓரம் முழுக்க, மங்கலாக, வடை தட்டுவதற்கு உருட்டிவைத்த மாவு போல என் காது. அதற்கப்பால் கூர்மையாக அக்கா. வலது பக்கச் சிரிப்பு கண்வரை ஏறியிருந்தது. இடது பக்கம் வழியில் வந்துகொண்டிருந்தது. குடைக்கம்பியில் ஒரு சொட்டு விழாமல் தொங்கியது.

குடையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, கேமராவைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டாள். பல்லுவும் செருப்பை விட்டுவிட்டுக் கரையேறி வந்தான்.

“சிரிச்சா இப்படியா இருக்கேன்?”

“ம்.”

மறுபடி பார்த்தாள். “மோசமா இருக்கும்னு நினைச்சிட்டிருந்தேன்.”

“காதை மட்டும் வெட்டிட்டா இதையே கார்டுக்கு வெச்சுக்கலாம் அக்கா” என்றான் பல்லு.

“காது இருக்கட்டும். அதுவும் கோணல்தான்.” குடையை அவன் கையில் கொடுத்தாள். கரையில் இருந்த பம்ப் அறையின் வெள்ளைச் சுவரைப் பார்த்தாள். நேரே போய் அதன் முன்னால் நின்றாள்.

“வாடா. நேரா நின்னு எடு. நிழல் கிழல் ஒண்ணும் வேண்டாம். கவுண்டர்ல நிக்கறப்ப யாரும் வந்து எனக்கு ஜன்னல் திரையை இழுத்துவிடப் போறதில்ல.”

“கவுண்டரா அண்ணி?” என்றாள் மனைவி.

“பின்ன? அட்டைப்பெட்டிகிட்ட சிரிக்கறதுக்கா பலூன் பலூனா ஊதினேன்?”

டைமரை எடுத்துவிட்டேன். வெளிச்சம் இரண்டு கன்னத்திலும் ஒன்றுபோல இருந்தது. அவள் நேராகப் பார்த்துச் சிரித்தாள். வலது பக்கம் வந்துவிட்டது. யாராக இருந்தாலும் அப்போதே அழுத்தியிருப்பார்கள். எனக்கு உருப்படியாகத் தெரிந்த வித்தை காத்திருப்பது ஒன்றுதான். காத்திருந்தேன். இடது பக்கமும் மெல்ல வந்து சேர்ந்தது. அழுத்தினேன்.

அக்கா அந்தப் படத்தோடு கவுண்டருக்குத் திரும்பினாள்; இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். மழைக்காலம் முடிந்ததும் தன் வீட்டுக்கே போய்விட்டாள். இடது பக்கம் இன்னமும் தாமதமாகத்தான் வருகிறது. பல்லுவின் குடைக்கம்பி துருப்பிடித்தது. இதைவிடப் பெரிய குடை வாங்கியிருக்கிறான். செருப்பு கிடைக்கவில்லை. காது விழுந்த படத்தை மனைவி எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். கேமராவில் பீப் சத்தத்தைப் போட்டுவிட்டேன். கடிகாரத்தை இன்னும் சரிசெய்யவில்லை.