வீட்டாள் கூலி

அந்தக் கேள்வியை முத்துநாயகத்திடம் இரண்டு முறை கேட்டார்கள். இரண்டு முறையும் அவர் தலைநிமிர்ந்துதான் பதில் சொன்னார். வினை அங்கேதான் வந்தது. கொஞ்சம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருந்தால்கூட, பக்கத்தில் நின்ற சங்கத்து ஜெயசிங் குறுக்கே புகுந்து எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார்.

அது ஐம்பத்து மூன்றாம் வருஷம். அருமனைக்கு மேற்கே முத்துநாயகத்துக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருந்தது. மேற்குப் பாதி அவருடைய அப்பா வைத்தது. கிழக்குப் பாதியில் நின்ற நாற்பது மரங்களும் அவர் மனைவி செல்லத்தாய் வளர்த்தவை. கல்யாணமாகி வந்த வருஷம் கன்று வைத்து, மூன்று கோடைக்கு ஓடையிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியிருந்தாள். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. பெரிய மகள் வயிற்றில் இருந்தபோது மட்டும் தலையில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். அந்தப் பக்கத்தை வீட்டில் எல்லோரும் அம்மைக்க தோப்பு என்றுதான் சொல்வார்கள்.

இரண்டு வருஷமாகக் கொப்பரை விலை சரிந்துகொண்டே வந்தது. இலங்கைக் கொப்பரை கப்பல் கப்பலாகக் கொச்சியில் வந்து இறங்கியது. எண்ணெய் ஆலைக்காரர்களுக்கும் சோப்புக் கம்பெனிக்காரர்களுக்கும் கொண்டாட்டம். களியக்காவிளை வியாபாரிகளோ நம்மூர்க் கொப்பரையைக் கையில் எடுத்து முகர்ந்து, முகத்தைச் சுளித்து, போன மாதத்தைவிடக் குறைத்துக் கேட்டார்கள். போன மாதம் அதே கொப்பரை அவர்களுக்கு மணத்துக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த தோட்டத்து ரப்பர் முதலாளி கிழக்குப் பாதியை விலைக்குக் கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்பினார். கொப்பரை விலை இப்படியே கிடந்தால் கொடுத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். வெளிநாட்டுக் கொப்பரைக்கு வரியைக் கூட்டினால் தோப்பு தப்பும். முத்துநாயகம் உறங்கினாலும் விழித்தாலும் அந்த வரியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர் மட்டுமல்ல, தென்னை வைத்திருந்த எல்லோரும் அதைத்தான் நினைத்தார்கள். விவசாயிகள் சங்கத்துச் செயலாளர் ஜெயசிங், மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவர் டெல்லிக்கு மனுமேல் மனு எழுதினார். கடைசியில் பதில் வந்தது. இங்கே ஒரு தேங்காயை விளைவித்துக் கொப்பரையாக்க என்ன செலவாகிறது என்று நேரில் விசாரித்து, அதைப் பொறுத்து வரியை முடிவு செய்ய மூன்று பேர் வருகிறார்களாம். சங்கம் கூடி முத்துநாயகத்தின் தோப்பைக் காட்டுவது என்று தீர்மானித்தது. சுத்தமான தோப்பு, வாய் திறந்து பேசத் தெரிந்த மனுஷன்.

ஜெயசிங் முன்கூட்டியே வந்து படித்துப் படித்துச் சொன்னார்.

“அண்ணாச்சி, நம்ம செலவு எவ்வளவுன்னு அவிய எழுதுதாவளோ அதுக்குத் தக்கதுதான் வரி. செலவு கொறஞ்சுதுன்னா, ஒங்களுக்கு என்ன கேடுன்னு கேட்டுட்டுப் போயிருவாவ. உள்ளத உள்ளபடி காட்டணும். சீக்கு மரத்தையும் காட்டணும்.”

சரி சரி என்று முத்துநாயகம் தலையாட்டினார். ஆனால் வருகிறவர்கள் விருந்தாளிகள் ஆயிற்றே. முந்தின நாளே மண்டை அழுகி நின்ற மூன்று மரங்களை வெட்டி, தடம் தெரியாமல் குழியை மூடினார். அதுகள் நிற்கட்டும், பார்க்கத்தானே வருகிறார்கள் என்று செல்லத்தாய் சொல்லிப் பார்த்தாள். வீடு தேடி வருகிறவர்களுக்குச் சீக்கு மரத்தையா காட்டுவது என்று அவர் அவள் வாயை அடைத்தார். களத்தில் காய்ந்த கொப்பரையை அள்ளி உள்ளே போடச் சொன்னார். அவளும் இரண்டு மகள்களும் அன்றைக்கு ஒரு வேலையும் தொடக்கூடாது, நல்ல சேலை உடுத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். வருஷம் முழுக்க அந்த மூன்று பெண்களும் காய் உடைத்து, காய வைத்து, மழை வந்தால் அள்ளி, பரணில் புகை போட்டு, ஓலை முடைந்த களம், அன்று துடைத்துவிட்ட கல்யாணப் பந்தல்போல் கிடந்தது.

மூன்று பேரும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். முத்துநாயகம் வெள்ளைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு எதிரே போய்க் கும்பிட்டார். கிணற்றடி மரத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். வருஷத்துக்கு எத்தனை காய் காய்க்கும் என்று கேட்டதற்கும் அந்தக் கிணற்றடி மரத்தின் காயைத்தான் சொன்னார். ஜெயசிங் இருமினார். முத்துநாயகம் அவருக்கும் ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

மூவரில் பெரியவர் கண்ணாடி போட்ட, நரைத்த மனிதர். நல்லவராகத்தான் தெரிந்தார். அவர் இங்கிலீஷில் கேட்க, திருவனந்தபுரத்திலிருந்து கூட வந்த அதிகாரி மலையாளத்தில் சொன்னார். மரம் ஏறுகிறவனுக்கு என்ன கொடுக்கிறீர்கள், உரத்துக்கு என்ன, வண்டிக்கு என்ன என்று ஒவ்வொன்றாக எழுதினார்கள். பிறகு, காய் உடைப்பதும் காய வைப்பதும் யார் என்று கேட்டார்கள். வீட்டில் உள்ளவர்கள் என்றார் முத்துநாயகம். அவர்கள் கூலி எவ்வளவு என்று கேட்டார்கள்.

கூலி என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்குத் தம் அம்மை ஞாபகம் வந்துவிட்டாள். ஒரு பெரிய வீட்டுக்காரருடைய களத்தில் விடிந்தது முதல் அடையும்வரை நெல் குத்தி, சுமை சுமந்து, கூலி என்று ஒரு காசு காணாமல், பனையோலைப் பட்டையில் கொஞ்சம் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்தவள் அவள். அந்த வீட்டுக்காரரை முத்துநாயகம் ஏசாத நாள் இல்லை. என் வீட்டுப் பெண் ஒருத்தியைக் கூலிக்காரி என்று எவனும் சொல்லக்கூடாது என்று மீசை முளைக்கும் முன்பே சத்தியம் செய்திருந்தார் முத்துநாயகம்.

“எங்க வீட்டுப் பெண்ணாளுவளுக்கு கூலி பேசுத நெலம எனக்கு வரல்ல” என்றார்.

அதிகாரி மொழிபெயர்த்தார். கண்ணாடிக்காரர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் கேட்டார். அவர்கள் இல்லையென்றால், வெளியாளை வைத்தால், என்ன கொடுப்பீர்கள்? சும்மா ஒரு மதிப்புக்குத்தான். கேட்டதிலேயே அவர் மனசு தெரிந்தது. சொல்லிவிடு மனுஷா என்று கெஞ்சுகிற கேள்வி அது.

“அவிய இருக்காவளே. பின்ன எதுக்கு வெளியாளு?”

கண்ணாடிக்காரர் பென்சிலை எடுத்து அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார்.

ஆவணியில் முடிவு வந்தது. ஜெயசிங் பத்திரிகையோடு வந்து முற்றத்தில் நின்றுகொண்டே படித்தார். இந்தப் பக்கத்துச் சிறு தோப்புகளில் காய்ப்பு நன்றாக இருக்கிறது, உற்பத்திச் செலவு குறைவு, வீட்டார் உழைப்புக்கு விவசாயிகளே மதிப்பு எதுவும் கோரவில்லை, ஆகவே வரியைக் கூட்ட அவசியமில்லை. இவர் ஒருவர் சொன்னதை வைத்துத்தான் முடிவு செய்தார்கள் என்று சொல்ல முடியாது. ஊர் ஊராக எத்தனை பேர் இப்படித் தலைநிமிர்ந்து நின்றார்களோ, யார் கண்டது? ஆனால் முத்துநாயகத்துக்கு அந்த வாசகம் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது.

செல்லத்தாய் கையில் காய் உடைக்கிற அரிவாளோடு வந்து, அந்த வீட்டார் உழைப்பு என்று வருகிற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். ஜெயசிங் படித்தார். அவள் களத்துக்குத் திரும்பிப் போனாள். மழை வருகிற மாதிரி இருந்தது, கொப்பரையை அள்ள வேண்டியிருந்தது.

அன்று ராத்திரியே முத்துநாயகம் ஜெயசிங் வீட்டுக்குப் போய், வீட்டுப் பெண்களின் கூலி, சீக்கு மரம் எல்லாவற்றையும் சேர்த்துப் புது மனு எழுதச் சொன்னார். விசாரணை முடிந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

தை மாதம் கிழக்குப் பாதியை ரப்பர் முதலாளிக்கு எழுதிக் கொடுத்தார்கள். மறுவாரமே கோடாலிக்காரர்கள் வந்தார்கள். செல்லத்தாய் அந்தப் பக்கம் பார்க்காமல் ஓலை முடைந்துகொண்டிருந்தாள். முத்துநாயகம் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இத்தனை மாதமாகச் சொல்ல வராததை அன்றைக்குச் சொன்னார். அம்மையைப் பற்றி, அந்தக் களத்தைப் பற்றி, பட்டையில் வாங்கிய கஞ்சியைப் பற்றி, தான் செய்த சத்தியத்தைப் பற்றி. உன்னைக் குறைத்துச் சொல்லிவிடக் கூடாதென்றுதான் அப்படிச் சொன்னேன் என்றார்.

செல்லத்தாய் முடைகிற கையை நிறுத்தவில்லை.

“ஒங்க அம்மைக்கு கூலி குடுக்காதவனத்தானே இத்தன காலமும் ஏசிட்டிருந்திய” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கேட்கிற மாதிரியும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த ஓலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

கண்ணாடிக்காரர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு இரண்டாம் முறை கேட்டது மட்டும்தான் முத்துநாயகத்துக்கு நினைவுக்கு வந்தது.