ஓசிக்காற்று

வேகமாக ஓடும் லாரிக்குப் பின்னால் உண்டாகும் காற்றோட்டத்துக்கு நம் மொழியில் உருப்படியான ஒரு சொல் இல்லாததுதான் நாம் முன்னேறாமல் இருப்பதற்கு ஒரே காரணம் என்று தம்பி கண்டுபிடித்தான். அந்தக் குறையையும் அவனே தீர்த்துவைத்தான். 'பின்னீர்ப்பு' என்று பெயர் சூட்டி, கல்லூரிச் சுவரிதழில் கட்டுரை எழுதினான்.

பேக்கரி ரொட்டித் தட்டுகளை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் அதைப் படித்துக் காட்டினான்.

"அதுக்கு ஏற்கெனவே பேர் இருக்குடா. ஓசிக்காத்து" என்றாள் அக்கா.

விடிந்ததும் பாலத்தைக் கடந்து ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு ரொட்டி கொண்டுபோவது அவள் வேலை. அந்த வருமானத்தில்தான் தம்பி இயற்பியல் படித்தான். பாலத்தில் எதிர்க்காற்று ஆளைத் தள்ளும். ஏதாவது லாரி வந்தால், அது கிழித்துவிட்டுப் போகும் காற்றுக்குள் அக்கா புகுந்துகொள்வாள். பாதி மிதி மிச்சம்.

அது பெடல் மிதித்து எடுக்கும் பிச்சை என்றான் தம்பி. அடுத்தவன் முதுகுக்குப் பின்னால் போகிறவன் ஒருநாளும் முன்னால் வரமாட்டான், தான் செத்தாலும் போகமாட்டேன் என்றான்.

"சரிங்க புரொபசர். கயித்தப் பிடிங்க."

அடுத்த வாரம் ஒரு லாரி பாலத்தில் திடீரென்று நின்றது. அதன் பிரேக் விளக்கு எரியவில்லை. அக்காவின் முழங்கால் எலும்பு மூன்றாக உடைந்தது. ஆம்புலன்ஸ்காரர் நல்ல மனிதர், தட்டுகளையும் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். அன்று ரொட்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அக்கா நடப்பாள் என்றார் மருத்துவர். சைக்கிள் மிதிப்பாளா என்று கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

அவளுக்குப் பதில் தம்பி போனான். முதல் நாள் கொள்கைப்படி எதிர்க்காற்றில் தனியாக மிதித்தான். அவன் போய்ச் சேரும்போது நோயாளிகள் பிஸ்கட் தின்று முடித்திருந்தார்கள். கேன்டீன்காரர் ரொட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். நாளைக்கும் இதே கதை என்றால் வேலையை வேன்காரனிடம் கொடுத்துவிடுவதாக பேக்கரி முதலாளி சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மாலையில் தம்பி இதைச் சொன்னபோது அக்கா கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேல போனா போகட்டும். லாரி பின்னாடி மட்டும் போயிடாதடா."

"நானா? என்னப் பத்தித் தெரியாதா உனக்கு?"

"தெரியும். அதான் சொல்றேன்."

மறுநாள் பாலத்தில் காற்று அவனை நிறுத்தியே வைத்தது. ஒரு லாரி கடந்துபோனது. தம்பி சுற்றும்முற்றும் பார்த்தான். தெரிந்தவர் யாரும் இல்லை. எழுந்து நின்று நாலு மிதி மிதித்து அதன் பின்னால் புகுந்துகொண்டான்.

சட்டென்று காற்று நின்றது. சைக்கிளை யாரோ கைப்பிடித்துக் கூட்டிப்போவதுபோல் இருந்தது. முன்னால் என்ன வருகிறது என்று தெரியவில்லை. லாரியின் பின்பலகை மட்டும் தெரிந்தது. அதன் இரண்டு பக்கமும் பிரேக் விளக்குகள் இருந்தன. அவை எரியுமா என்பது லாரி நிற்கும்போதுதான் தெரியும்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டு மிதித்தான்.