ஒட்டடைக்குச்சியின் முகம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு யாரும் வருவதில்லை. லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை அணைத்துவிட்டு உள்ளறையில் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவேன். முதலாளி கல்லாவில் தூங்குவார். மாலைவரை ஒரு வார்த்தையும் பேசாமல் இருக்க இருவருமே பழகிவிட்டோம்.

அப்படி ஒரு மதியத்தில்தான் பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்தது. குழுவில் நான் சேர்ந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. கண்ணாடி மாற்ற வந்த ஒருவன், பில்லில் என் பெயரைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, விசாரித்துச் சேர்த்துவிட்டிருந்தான்.

படத்துக்குக் கீழே லீடர் எழுதியிருந்தான்: “நம்ம ஒட்டடைக்குச்சி போய் இன்னியோட இருபத்தஞ்சு வருஷம். மறக்க முடியுமாடா உன்ன.” லீடர் என்றால் அந்த நாள் வகுப்புத் தலைவன். இப்போது லாரி ஏஜென்சி நடத்துகிறான்; பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஒட்டடைக்குச்சி பள்ளியின் கடைசி வருடத்தில் மஞ்சள் காமாலையில் இறந்துபோனவன். என் பக்கத்தில் உட்காருவான். நானும் அவனைப் போலவே நெட்டை, ஒல்லி. அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்து அந்த ஒரே பெயர்.

படத்தில் இருந்தது நான்.

சந்தேகமே இல்லை. இடது காது வலது காதைவிடச் சற்று மேலே. என் கண்ணாடியின் ஒரு காம்பை நான் எப்போதும் வளைத்து வைத்திருப்பது அதற்காகத்தான். வகுப்பு குரூப் போட்டோ எடுத்த அன்று அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பின்வரிசை ஓரத்தில் ஒல்லியாக நின்றவனை லீடர் வெட்டி எடுத்திருக்கிறான்.

“என்னா சிரிப்புடா அது” என்று ஒருவன் எழுதியிருந்தான். “அந்தக் கண்ணப் பாத்தா இன்னிக்கும் அழுகை வருது” என்று இன்னொருத்தி. என் முகத்தைப் பற்றி யாரும் இவ்வளவு சொன்னதில்லை. திருத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் லீடர் மறுபடி எழுதினான். இதே படத்தைப் பெரிதாக ஃப்ரேம் போட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாகப் போய் ஒட்டடைக்குச்சியின் அம்மா கையில் கொடுக்கப்போகிறார்களாம்.

அதன் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வாசலுக்கு வந்து அவனைப் போனில் கூப்பிட்டேன்.

“லீடர், அந்தப் போட்டோல இருக்கறது அவன் இல்ல.”

“வேற யாரு?”

“நான்.”

“நீ எந்த பெஞ்ச்?”

“அவன் பக்கத்துல.”

“அவன் பக்கத்துல யாரும் இருந்த மாதிரியே ஞாபகம் இல்லியேடா.” கேலி செய்யவில்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்துத்தான் சொன்னான்.

கண்ணாடியின் வளைந்த காம்பைக் காதோரம் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

“ஃப்ரேமுக்குக் குடுத்தாச்சுப்பா. வேற போட்டோ யார்கிட்டயும் இல்ல. அந்தம்மாவுக்கும் வயசாயிடுச்சு, கண்ணு வேற மங்கலாம்...”

“அதனால?”

“இல்ல, சும்மா சொன்னேன்.” பிறகு அவனே சிரித்தான். “ஏன்டா, குத்துக்கல்லாட்டம் உயிரோட இருக்கற உனக்காகவா வருஷா வருஷம் அழுதோம்?”

நானும் சிரித்தேன். “அவங்க வீட்டுல போட்டோ இருக்கும். நான் போய் வாங்கிட்டு வரேன்.”

“அவன் மூஞ்சி உனக்காவது ஞாபகம் இருக்கா?”

“இருக்கு” என்றேன்.

அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. புத்தகத்தில் நல்ல இடம் ஒன்று வந்தால் மனசுக்குள் பக்கத்தில் திரும்பி அவனுக்குத்தான் காட்டுவேன். அவனும் தலையாட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருப்பான். வேறு யாரிடமும் எனக்கு அந்தப் பழக்கம் ஏற்படவில்லை.

மறுநாள் அந்த வீட்டைத் தேடிப் போனேன். மாடி வராந்தா முழுக்க ஈரத் துணிகள். அம்மா கதவைப் பாதி திறந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். யாரென்று சொன்னேன்.

“பேசாத பையன்தானே நீ? ரெண்டு பேரும் ஊமைக்கோட்டானாட்டம் உக்காந்திருப்பீங்களே. உள்ள வா.”

தையல் மிஷினைச் சுற்றித் தலையணை உறைகள் குவிந்திருந்தன. ஒரு நாற்காலியைக் காலி செய்து கொடுத்தார். படம் மாறிப்போன கதையைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“அடப்பாவிங்களா, உன்னையா சாகடிச்சுட்டாங்க?” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் பீரோவைத் திறந்து ஒரு படத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். “கடைசியா எடுத்தது. அப்படியே இருக்கான்ல?”

பார்த்தேன். ஒட்டிய கன்னம், தடித்த புருவம், மீசை முளைக்காத உதடு. ஏதோ ஒரு சின்னப் பையன். எனக்கு அவனைத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தவன், நான் புத்தகம் காட்டுகிறவன், நாற்பதைத் தாண்டியவன், காதோரம் நரைத்தவன், என்னைப் போலவே தோள் குனிந்து நடப்பவன். அவனை எப்போது அப்படி ஆக்கினேன் என்று யோசித்தேன். பிடிபடவில்லை.

அம்மா பதிலுக்குக் காத்திருந்தார். அவருக்கும் அவசரமில்லை.

“தெரியலயாப்பா?”

“இல்லம்மா.”

அவர் கோபப்படவில்லை. மிஷின் முன்னால் உட்கார்ந்து ஓர் உறையை எடுத்து மடித்தார்.

“எனக்கே சில நாள் அப்படித்தான். காலைல பாத்தா யாரு வீட்டுப் பிள்ளையோன்னு இருக்கும். கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருக்கணும். வருவான்.” ஊசியை இறக்கினார். “போட்டோவக் கொண்டு போ. ஆனா யாருன்னு தெரியாமக் கொண்டு போகாத. உக்காரு.”

உட்கார்ந்தேன். மிஷின் ஓடத் தொடங்கியது. கைப்பேசியில் லீடர், கிடைத்ததா என்று கேட்டிருந்தான். அதை அணைத்து வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தேன். பையன் என்னைப் பார்க்கவில்லை. படம் எடுத்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா இரண்டு உறைகளைத் தைத்து முடித்து மூன்றாவதை எடுத்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.